சத்துணவு உடலிலும் படிப்பிலும் ஒட்ட வேண்டுமானால்: பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு ஒரு வழிகாட்டி

அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இடம்பெற்ற பெற்றோர் பலருக்கு, சத்துணவு விஷயத்தில் தாம் எதைப் பார்க்கலாம், யாரிடம் என்ன கேட்கலாம் என்பது தெளிவாகத் தெரிவதில்லை. சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதும், நீட்டிய பதிவேட்டில் கையெழுத்திடுவதும், எப்போதாவது ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வதுமாக அவர்களின் பங்கு முடிந்துவிடுகிறது. ஆனால், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று சொல்வது கையெழுத்துக்காக அன்று. அரிசியும் பருப்பும் முட்டையும் அரசு அனுப்புகிறது. சமைக்க ஆட்களும் இருக்கிறார்கள். அப்படி வந்து சேர்ந்த உணவில் எவ்வளவு பிள்ளையின் வயிற்றுக்குள் போகிறது என்பதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதையே இந்தக் கட்டுரை சொல்கிறது.

முதலில், இந்தச் சாப்பாடு என்ன செய்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாவிட்டால், எதைக் கவனிப்பது, எதை விடுவது என்பதில் தடுமாற்றம் வரும்.

பசி வகுப்பறையில் இரண்டு விதமாகத் தெரியும். ஒன்று, அன்றைய பசி. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலையில் ஒரு தம்ளர் தேநீரோடு வரும் பிள்ளைக்கு, மறுநாள் நண்பகல் வரை பதினாறு மணி நேரம் வயிறு காலியாகவே இருக்கிறது. வளரும் பிள்ளையின் மூளை உடலின் ஆற்றலில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது. அதற்கு வேண்டியது கிடைக்காதபோது முதலில் போவது கவனம். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதிவிடும் பிள்ளை, மனக்கணக்கு என்றதும் தலையைக் குனிந்துகொள்ளும். இந்தப் பசி ஒரு வேளை சாப்பாட்டில் தீர்ந்துவிடும். மற்றொன்று, வெளியே தெரியாத நீண்ட காலப் பசி: இரும்புச்சத்து, அயோடின், வைட்டமின் ஏ போன்றவற்றின் குறைபாடு. வயிறு நிறையச் சோறு சாப்பிடும் பிள்ளைக்கும் இது இருக்கும். 2016 முதல் 2018 வரை இந்தியா முழுவதும் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கும், 10 முதல் 19 வயதினரில் 28 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை இருந்தது. சோர்வு, மந்தம், எதிலும் ஒட்டாத தன்மை என்று ஆசிரியர் சொல்வதற்குப் பின்னால் பல நேரங்களில் இருப்பது இதுதான். இது ஒரு வேளையில் தீராது. மாதக்கணக்கில், சரியான பொருள்கள் தட்டில் விழுந்து, அவை உண்ணப்பட்டால்தான் தீரும்.

இந்த இரண்டு பசியையும் தீர்ப்பதோடு, மூன்றாவது பயன் பிள்ளை பள்ளிக்கு வருவதே. 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்கு பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் மதிய உணவைத் தொடங்கியதற்கும், 1956இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கியதற்கும் முதன்மையான நோக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவருவதாகவே இருந்தது. 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், பெயரிலேயே ஊட்டச்சத்தை முன்வைத்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு சமைத்த மதிய உணவு நாடு முழுவதற்கும் உரியதாயிற்று.

அதன் விளைவுகளை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2019இல் வெளியான ஆய்வொன்று, ஐந்தாண்டுகள் வரை மதிய உணவு கிடைத்த பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண், ஓராண்டுக்கும் குறைவாகவே கிடைத்த பிள்ளைகளுடையதைவிட 18 சதவீதமும், கணக்கு மதிப்பெண் 9 சதவீதமும் கூடுதலாக இருந்ததாகக் காட்டியது. ஆந்திராவில் வறட்சியால் சிறு வயதில் வளர்ச்சி தடைபட்ட பிள்ளைகள், பள்ளி மதிய உணவு கிடைத்தபின் அந்தப் பின்னடைவை ஈடுகட்டினார்கள் என்று மற்றோர் ஆய்வு சொல்கிறது. 2021இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட பெண்கள் பிற்காலத்தில் பெற்ற குழந்தைகளிடம் உயரக் குறைவு குறைந்திருப்பதைக் காட்டியது. இந்த மூன்றிலும் பொதுவானது காலம். ஆண்டுக்கணக்கில், இடைவெளியின்றிக் கிடைத்த உணவின் பலன் இது. ஒரு சத்துணவு மையத்தில் மாதத்துக்கு நான்கு நாள் அடுப்பு எரியவில்லை என்றால் அதை அன்றைய அசௌகரியமாக மட்டும் எண்ணி விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

தட்டில் எவ்வளவு இருக்க வேண்டும்?

மத்திய அரசின் விதிப்படி, 1 முதல் 5 வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஒரு வேளையில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும், 6 முதல் 8 வகுப்பு வரை 700 கலோரியும் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். இதைச் சமைக்காத பொருளாகக் கணக்கிட்டால், தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு அரிசி 150, பருப்பு 30, காய்கறி 75, எண்ணெய் 7.5 கிராம். தமிழ்நாட்டில் இவற்றோடு 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம்.

இந்த அளவுகளைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் பெருக்கி ஒரு தாளில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். தொடக்கப் பள்ளியில் அன்று 60 பேர் சாப்பிடுகிறார்கள் என்றால் அரிசி 6 கிலோ, பருப்பு 1 கிலோ 200 கிராம், காய்கறி 3 கிலோ, எண்ணெய் 300 கிராம். அரிசியில் குறை வருவது அபூர்வம். குறை பெரும்பாலும் காய்கறியில்தான் இருக்கும். அரிசியும் பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து மூட்டையாகவும் பாக்கெட்டாகவும் வந்துவிடுகின்றன. காய்கறியை மட்டும் மையத்தை நடத்தும் சத்துணவு அமைப்பாளர் உள்ளூர்க் கடையில், ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய காசுக்கு வாங்கியாக வேண்டும். தக்காளி விலை ஏறும் மாதத்தில் ஒதுக்கீடு ஏறுவதில்லை. அப்போது 3 கிலோ, ஒன்றரைக் கிலோவாகச் சுருங்கும். சாம்பாரில் பூசணித் துண்டைத் தேட வேண்டியிருக்கும். இதற்காக அமைப்பாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் பயனில்லை. ஒருவரே இரண்டு மூன்று மையங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கும் நிலை பல வட்டாரங்களில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

குழுவால் இங்கே செய்யக்கூடியது உண்டு. ஊரில் காய்கறி விளைவிப்பவர்களிடம் வாரம் ஒரு நாள் ஒரு கூடை கேட்கலாம். கொடுக்க மனமுள்ளவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், கேட்கத்தான் ஆளில்லை. பள்ளி வளாகத்தில் தண்ணீர் வசதி இருந்தால் இரண்டு முருங்கை, ஒரு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை, கை கழுவும் நீர் ஓடிப் போகும் இடத்தில் வாழை ஆகியவற்றை நட்டுவிடலாம். தோட்டம் என்று பெரிதாகத் திட்டமிட்டுக் கோடை விடுமுறையில் கருக விடுவதைவிட, பராமரிப்பு அதிகம் கேட்காத இந்த நான்கு மரஞ்செடிகள் போதும். முருங்கைக்கீரை இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்தும் ஒருசேர உடையது. விலை கொடுத்து வாங்கும் எந்தக் காய்க்கும் அது குறைந்ததன்று.

ஒரு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு முதல் ஒன்பது வயதுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,700 கலோரி வேண்டும். மதிய உணவு தருவது அதில் கால் பங்குக்குச் சற்று மேல். மீதி முக்கால் பங்கு வீட்டின் பொறுப்பு. பள்ளியில்தான் சாப்பிட்டாயே என்று இரவுச் சோற்றைக் குறைக்கும் வீடுகளும் இருக்கின்றன. பெற்றோர் கூட்டத்தில் இதைத் தயங்காமல் பேச வேண்டும்.

குப்பைத் தொட்டியிலிருந்து தொடங்குங்கள்

சத்துணவைப் பார்வையிடச் செல்பவர்கள் வழக்கமாகச் சமையலறையில் தொடங்குவார்கள். மாறாக, சாப்பாடு முடியும் நேரத்தில் போய், பிள்ளைகள் தட்டுக் கழுவும் குழாயடியில் நில்லுங்கள். தட்டிலிருந்து எது வழித்துக் கொட்டப்படுகிறது என்பதை அரை மணி நேரம் பார்த்தால், ஒரு மாதப் பதிவேடு சொல்லாததை அது சொல்லிவிடும்.

பெரும்பாலான இடங்களில் முதலில் கண்ணில் படுவது முட்டையின் மஞ்சள் கரு. வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளைப் பிட்டு எறிந்துவிடுவார்கள். வைட்டமின் ஏ, இரும்புச்சத்து, மூளைக்கு வேண்டிய கோலின் ஆகியவை இருப்பது அந்த மஞ்சளில்தான். அது போனால் முட்டையின் பாதிப் பயன் போயிற்று. ஏன் எறிகிறார்கள் என்று கேட்டால், தொண்டையை அடைக்கிறது என்பார்கள், நாற்றம் வருகிறது என்பார்கள். இரண்டும் உண்மை. காலை ஒன்பதரைக்கே அண்டாவில் முட்டையைப் போட்டு, மற்ற வேலை முடியும் வரை கொதிக்க விட்டால், மஞ்சள் கரு மாவு போல உலர்ந்து, அதைச் சுற்றிச் சாம்பல் பச்சை நிறத்தில் ஒரு வளையம் கட்டும். வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சளின் இரும்பும் சேர்ந்து உண்டாகும் வளையம் அது. தீங்கில்லை, ஆனால் நாற்றம் அங்கிருந்துதான். தண்ணீர் கொதித்தபின் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, உடனே பச்சைத் தண்ணீருக்கு மாற்றி ஓடு உரித்தால் வளையம் கட்டாது, மஞ்சளும் உலராது. பின்னர், உணவுப் பட்டியலில் சொல்லியிருப்பது போல மிளகு முட்டையாகவோ வெங்காயத் தக்காளி மசாலாவிலோ பிரட்டி, முழுதாகப் போடாமல் இரண்டாக வெட்டி மசாலா மஞ்சளில் படும்படி வைத்தால் பிள்ளைகள் விட்டுவைக்க மாட்டார்கள். செலவில்லாத மாற்றம் இது.

அடுத்து, கறிவேப்பிலையும் காய்த் துண்டுகளும். காயைப் பெரிதாக நறுக்கிப் போட்டால் பொறுக்கி எறிவார்கள். பொடியாக நறுக்கி மசித்துவிட்டால் சோற்றோடு போய்விடும். கேரட்டையும் பூசணியையும் பருப்போடு சேர்த்து வேகவைத்து மத்தால் கடைந்துவிடலாம். கறிவேப்பிலையை வறுத்துப் பொடித்துச் சேர்க்கலாம். சோறே மீந்தால், குழைந்திருக்கிறதா, உப்பு குறைவா, அல்லது சாப்பிட நேரமே போதவில்லையா என்று பாருங்கள். ஒரே வரிசையில் நூறு பேர் நிற்கும் பள்ளியில் கடைசியில் நிற்பவனுக்குச் சாப்பிடப் பத்து நிமிடமே மிஞ்சும். வரிசையை இரண்டாக்கினால் தீரும் சிக்கல் அது.

இன்னொன்று குப்பைத் தொட்டியில் தெரியாது. வரிசையில் யார் இல்லை என்று பார்த்தால் தெரியும். ஏழாம் எட்டாம் வகுப்புக்கு வந்ததும், தட்டேந்தி வரிசையில் நிற்பதைக் கூச்சமாக நினைத்துப் பல பிள்ளைகள் ஒதுங்கிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளிடம் இதைக் கூடுதலாகப் பார்க்கலாம். பூப்பெய்தும் வயதில் இரும்புச்சத்து மிகுதியாகத் தேவைப்படுவதும் அவர்களுக்கே. கடையில் ஐந்து ரூபாய் பொட்டலம் ஒன்றை வாங்கித் தின்று, மாலை வரை அதிலேயே ஓட்டுவார்கள். அறிவுரை இங்கே எடுபடாது. ஆசிரியர்கள் சிலர் அதே வரிசையில் நின்று அதே தட்டில் சாப்பிட்டால், கூச்சம் மெல்லக் குறைவதைக் காணலாம்.

சமைக்கும் முறை

சமையலர்களுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுக்கும் தொனியில் யாரும் பேசத் தேவையில்லை. நூறு பேருக்குப் பதம் தவறாமல் சோறு ஆக்குவது நம்மில் பலருக்குக் கைவராது. ஆனாலும், சத்து எங்கே வீணாகிறது என்பதைச் சேர்ந்து பேசலாம். காயை நறுக்கியபின் கழுவினால் நீரில் கரையும் வைட்டமின்கள் போய்விடும். கழுவியபின் நறுக்க வேண்டும். அரிசியை நான்கைந்து முறை அலசிக் கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் பி வகை வைட்டமின்கள் வடிகாலில் போகின்றன. கலவைச் சாதத்துக்கு அளவாக நீர் வைத்து, வடிக்காமல் ஆக்குவதே நல்லது. கீரையைக் கடைசியில் சேர்த்துச் சில நிமிடங்களில் இறக்கிவிட வேண்டும். கொண்டைக்கடலையையும் பயற்றையும் முந்தின இரவே ஊறவைத்தால் விரைவில் வெந்து எளிதில் செரிக்கும். அவற்றிலுள்ள இரும்பும் உடலில் கூடுதலாகச் சேரும்.

இரும்பைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பைக் குடல் எளிதில் ஏற்பதில்லை. கூடவே எலுமிச்சை, நெல்லி, தக்காளி, கொய்யா போன்று வைட்டமின் சி உள்ளது ஏதேனும் இருந்தால் ஏற்பது கூடும். பயறு போடும் நாளில் இறக்கும் முன் எலுமிச்சை பிழிவது இதனால்தான் பயன் தருகிறது. மாறாக, சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கும் தேநீர் இரும்பைத் தடுத்துவிடும். வீடுகளில் சாப்பாட்டோடு பிள்ளைக்குத் தேநீர் கொடுக்கும் வழக்கம் இருந்தால், குறைந்தது ஒரு மணி நேர இடைவெளியாவது விடச் சொல்லுங்கள்.

உப்பை அடுப்பருகே திறந்து வைக்கக் கூடாது. ஈரமும் வெப்பமும் பட்டால் அயோடின் குறையும். மூடியுள்ள டப்பாவில் வைத்துச் சமையலின் இறுதியில் சேர்ப்பது நன்று.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. மையங்களுக்குச் செறிவூட்டப்பட்ட அரிசி வருவதுண்டு. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றை அரிசி மாவோடு கலந்து அரிசி வடிவிலேயே செய்த மணிகளை, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற விகிதத்தில் சாதாரண அரிசியோடு கலக்கிறார்கள். களையும்போது இந்த மணிகள் நிறம் மாறித் தெரியும், சில மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்ற புரளி கிளம்புவது இதைக் கண்டுதான். சமையலர்களும் இதை நம்பி அந்த மணிகளைப் பொறுக்கி எறிந்துவிடுவது உண்டு. அப்படி எறிந்தால் எறியப்படுவது சத்து. பெற்றோர் கூட்டத்தில் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து, அந்த மணிகளைத் தனியே பிரித்துக் காட்டி, வேகவைத்தும் காட்டிவிட்டால் இந்தப் பேச்சு அடங்கும். பரம்பரை இரத்தக் கோளாறான தலசீமியா உள்ள பிள்ளை இருந்தால் மட்டும், இரும்பு சேர்த்த உணவு பற்றி அதன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. எண்ணெயில் ஏதோ இருக்கிறது என்று சமையலர் சொன்னதும், சாப்பாடு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னதும் அங்கே யார் காதிலும் ஏறவில்லை. அதனால், சமையலரோ பிள்ளையோ வாசனை சரியில்லை என்று சொன்னால் அன்றைக்குப் பரிமாறுவதை நிறுத்திவிட்டுப் பிறகு விசாரிப்பது என்பதைக் குழு எழுதித் தீர்மானமாகவே போட்டுக்கொள்ளலாம். பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் உண்டு பார்க்க வேண்டும் என்பது மத்திய அரசின் மதிய உணவு வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. உண்டு பார்த்ததும் பிள்ளைகளுக்கு உடனே பரிமாறிவிட்டால் அந்தச் சோதனைக்குப் பொருளில்லை. அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

மற்றவை வழக்கமானவைதாம், ஆனால் வழக்கமாகத் தவறுபவையும் இவையே: பூச்சிமருந்து, பினாயில், பிளீச்சிங் தூள் ஆகியவை பொருள் வைப்பறையில் இருக்கவே கூடாது. எண்ணெய் அதன் பாக்கெட்டிலிருந்து வேறு பழைய கேனுக்கு மாறக் கூடாது. கொதிக்கும் அண்டாவுக்கு மூடி வேண்டும். பல்லி விழுந்த செய்திகள் பெரும்பாலும் மூடியில்லாத அண்டாவின் கதைகள். குடிநீர்த் தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி அதன் மேலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். முட்டை வந்த அன்றே உடைந்ததைத் தனியே எடுத்து, சந்தேகமானதைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும், மிதப்பதை எறிந்துவிடலாம். மீந்த சோற்றை மறுநாளுக்கோ மாலைக்கோ வைத்திருக்கக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் மேல், சோப்பு. குழாய் இருக்கும் பள்ளிகளில்கூடச் சோப்பு இருப்பதில்லை. கையில் அழுக்கோடு சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தால், அந்த வாரம் உண்டதெல்லாம் உடம்பில் ஒட்டாது. சோப்பைச் சிறு துண்டுகளாக்கி வலையில் கட்டித் தொங்கவிட்டால் தொலையவும் செய்யாது.

காலை உணவும் அதன் எல்லையும்

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், அதன்பின் படிப்படியாக அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவை காய்கறிச் சாம்பாரோடு கிடைக்கின்றன. மேலே சொன்ன அன்றைய பசிக்கு இது நேரடி மருந்து. ஆனால் உணவு வகுப்பு தொடங்கும் முன் முடிந்துவிட வேண்டும். தாமதமாக வரும் பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் வீட்டில் சாப்பாடு கிடைத்திருக்காது என்பதால், மணி அடித்துவிட்டது என்று அந்தப் பிள்ளையைத் திருப்பிவிடாமல் இருக்க ஓர் ஏற்பாடும் வேண்டும்.

இத்திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளை, முந்தின ஆண்டுவரை கிடைத்த காலை உணவை இழக்கிறது, பள்ளியும் தூரமாகிவிடுகிறது. காலை வழிபாட்டில் மயங்கி விழும் பிள்ளைகள் பலரும் இந்த வயதினர். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரை ஆண்டிறுதியில் அழைத்து, அடுத்த ஆண்டுக் காலைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது நல்லது. அதற்குப் புதிதாக எதையும் சமைக்கத் தேவையில்லை. தயிர் விட்ட பழைய சோறும் சின்ன வெங்காயமும், அல்லது முந்தின இரவின் தோசை மாவு, அல்லது வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும் போதும். தேநீரும் பிஸ்கட்டும் சாப்பாடு ஆகா.

மாத்திரையும் எடைப் பதிவும்

வயிற்றில் புழு இருக்கும் பிள்ளைக்கு ஐந்து முட்டை கொடுத்தாலும் ஒரு பங்கு புழுவுக்குப் போகும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும் குடற்புழு நீக்க முகாமில் அல்பெண்டசோல் மாத்திரையை மென்று தின்பது, வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை (தொடக்கப் பள்ளியில் இளஞ்சிவப்பு, வளரிளம் பருவத்தினருக்கு நீலம்) வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல் பள்ளியிலேயே சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்க வைப்பது ஆகிய இரண்டும் சத்துணவின் பகுதியாகவே பார்க்கப்பட வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். ஒரு பிள்ளை வாந்தியெடுத்தால் அடுத்த வாரம் வகுப்பே மாத்திரையைச் சன்னலுக்கு வெளியே எறியும். மலம் கறுத்துப் போவது இயல்பு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆண்டுக்கு இரு முறை, ஜூனிலும் ஜனவரியிலும், ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் எடையையும் எடுத்துப் பெயரோடு எழுதி வையுங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அதைக் காட்டினால், ஆறு மாதமாக எடை ஏறாத பிள்ளை யார் என்று உடனே தெரியும். எடையை எல்லார் முன்னிலும் உரக்கப் படிக்க வேண்டாம். அந்த வயதில் அது ஆறாத வடுவாகும்.

பந்தி

2018இல் திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்து, அவர் இடமாற்றம் செய்யப்பட்டு, போராட்டத்துக்குப் பிறகு அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. நம் ஊரில் அப்படியில்லை என்று சொல்லும் முன், ஒரு நாள் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்து உண்கிறார்கள், யார் வீட்டிலிருந்து மட்டும் சாப்பாடு வருகிறது என்று பாருங்கள். வரிசை எண்படி உட்கார வைப்பது, குழு உறுப்பினர்கள் மாறி மாறி வந்து அதே பந்தியில் உண்பது ஆகியவற்றைப் பேச்சின்றித் தொடங்கிவிடலாம். சமையலரை மாற்றச் சொல்லி வரும் கோரிக்கை சாதியின் பேரில் இருந்தால், அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவதற்கே குழு இடம் தரக் கூடாது. அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடிய குற்றம் என்பதைக் கோருபவர்களிடம் நேரடியாகச் சொல்லிவிடலாம்.

குறை இருந்தால் எங்கே சொல்வது?

முதலில் அமைப்பாளரிடமும் தலைமையாசிரியரிடமும். தீராவிட்டால், ஒன்றிய அலுவலகத்தில் சத்துணவைப் பார்க்கும் துணை வட்டார வளர்ச்சி அலுவலர். அதற்கும் மேலே, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சத்துணவுக்கான நேர்முக உதவியாளர். பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. உணவு வழங்கப்படாத நாள்களுக்குப் பிள்ளைகளுக்கு உணவுப் பாதுகாப்புப் படி (தானியமும் பணமும்) தர வேண்டும் என்பதும், தொடர்ந்து மூன்று பள்ளி நாள்களோ ஒரு மாதத்தில் ஐந்து நாள்களோ உணவு நின்றால் யார் பொறுப்பு என்பதை மாநில அரசு வரையறுக்க வேண்டும் என்பதும் 2015ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகளில் உள்ளவை. ஆகவே மனுவில் சாப்பாடு சரியில்லை என்று பொதுவாக எழுதாமல், எந்தெந்தத் தேதியில் அடுப்பு எரியவில்லை, அன்று எத்தனை பிள்ளைகள் வந்திருந்தார்கள், எத்தனை கிலோ வர வேண்டிய காய்கறி எத்தனை கிலோ வந்தது என்று எழுதுங்கள். இதற்குக் குழுவிலுள்ள தாய்மார் இருவர் முறை வைத்து வாரம் ஒரு நாள் வந்து, தேதி, வந்த பிள்ளைகள், உண்ட பிள்ளைகள், காய்கறி எடை, முட்டை எண்ணிக்கை, குப்பைத் தொட்டியில் விழுந்தது ஆகிய ஆறையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வந்தால் போதும். அடுத்த குழுக் கூட்டத்துக்கு அந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள். பரீட்சை மதிப்பெண்ணை மூன்று மாதத்தில் அதனோடு ஒப்பிட வேண்டாம், வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்.